மஞ்சள் கவுனின் சொந்தக்காரி

டெர்வ்லாவும் நானும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவன் நான் என்பதற்காக அவள் ஒருநாளும் எனக்கு மரியாதை கொடுத்ததில்லை. இரண்டு பேருமே ஆறடி உயரம், அகன்ற தோள். எனக்கு அதனால் ஒரு கஷ்டமும் வந்ததில்லை; எங்கள் பான்ட்ரி ஊரிலிருந்து கார்க் நகரத்துக்குப் பஸ் ஓட்டுகிறவனின் உயரத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? அவள் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் கரையில் வந்து நின்றாலே தண்ணீருக்குள் நடக்கும் அடிதடி அடங்கிவிடும். கல்யாண கவுன் தேடக் கிளம்பிய பிறகுதான் அந்த உயரமும் தோளும் அவளுக்குத் தொந்தரவாகத் தெரிய ஆரம்பித்தன.

அவள் கட்டிக்கொள்ளப் போவது மூரினை. மூரின் மாட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வடக்கே டோனகலிலிருந்து வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவள். டெர்வ்லாவின் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள். ஆனால் முரட்டுக் காளையே அவள் அதட்டலுக்குப் பின்வாங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒளித்து மறைக்க என்ன இருக்கும்? அதனாலேயோ என்னவோ, கவுன் விஷயத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணத்தன்று காலையில்தான் ஒருத்தி உடுத்தியதை மற்றவள் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு வார்த்தை கூடாது.

பிப்ரவரி மழையில் டெர்வ்லா என்னை கார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாண உடை விற்கும் பெரிய கடை. உள்ளே எங்கு திரும்பினாலும் வெள்ளை. கடைப் பெண் பொறுமைசாலி. எதையெதையோ கொண்டுவந்து மாட்டிவிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து டெர்வ்லா வெளியே வந்து கைகளை விரித்து நின்றாள்.

"எப்படிடா இருக்கு?"

"உண்மையைச் சொல்லவா?"

"பொய் சொல்றதுக்கு அம்மா இருக்காங்க. உண்மையைச் சொல்லத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

"ஃபிரிட்ஜுக்கு லேஸ் திரை போட்ட மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குனிந்து சிரித்தாள். முதுகுப் பக்கம் ஜிப் 'டர்' என்று விட்டுக்கொண்டது. கடைப் பெண்ணும் சிரித்துவிட்டாள். ஜிப்புக்குப் பணம் கொடுக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் டெர்வ்லாவின் சிரிப்பு வடிந்துவிட்டது.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு டாரா. ஆனா எதைப் போட்டாலும், வேற யாரோ ஒருத்தியோட கல்யாணத்துக்கு நான் மாறுவேஷத்துல போற மாதிரி இருக்கு. தூரத்துல வரும்போதே, அது டெர்வ்லாதான்னு தெரியணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அதற்குப் பிறகும் நாலைந்து கடைகள் ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை. கிடைத்தது தேடாத இடத்தில். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று மழை கொட்டியது. மீன் பொட்டலத்தோடு பக்கத்துச் சந்துக்குள் ஓடி, ஹெல்காவின் பழைய துணிக்கடைக்குள் நுழைந்தோம்.

ஹெல்கா ஜெர்மனியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஊர் வம்பு அவருக்குப் பிடிக்காது. யார் யாருக்கு என்ன உறவு என்றெல்லாம் கேட்க மாட்டார். துணிதான் அவர் உலகம். மீன் வாசனையை முகர்ந்ததும் பொட்டலத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பியபோது டெர்வ்லா ஒரு கவுன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கனத்த பட்டு. மே மாதம் எங்கள் மலைச்சரிவுகளில் ஃபர்ஸ் முட்புதர்கள் பூத்துத் தள்ளுமே, அந்த மஞ்சள். நீளக் கை. லேஸ் இல்லை, மணி இல்லை, ஒன்றுமே இல்லை. கீழே பாவாடைப் பகுதியில் மட்டும் கூடாரம் போடுகிற அளவுக்குத் துணி. இரண்டு பக்கமும் பாக்கெட் வேறு.

"இது யாரோடது?" என்று கேட்டாள்.

"தெரியாது. ஒரு பெரிய வீட்டைக் காலி பண்ணினப்போ ஏலத்துல எடுத்தேன். எந்தப் பொண்ணுக்கும் சரியா இருக்க மாட்டேங்குது. எல்லாரும் உள்ள தொலைஞ்சு போயிடறாங்க" என்றார் ஹெல்கா.

டெர்வ்லா தொலைந்து போகவில்லை. அவள் மாற்றிக்கொண்டு வந்தபோது கேலி செய்ய ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"என்னடா, வாயை மூடு. ஈ போகப் போகுது."

"நீ... நீயாவே இருக்க டெர்வ்லா."

அவள் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அந்தச் சின்னக் கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். நடக்க நடக்கத் துணி ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வந்தது. கன்னம் சிவந்து, பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் ஜெயித்து வந்த நாட்களில் இருந்ததுபோல் இருந்தாள். தோளில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். பிரித்துத் தைத்துத் தருகிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்றார் ஹெல்கா. நல்லதாகப் போயிற்று, வீட்டில் வைத்தால் மூரின் கண்ணில் படும். பணத்தைக் கொடுத்துவிட்டு, கவுனை அங்கேயே விட்டு வந்தோம்.

"யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் வரைக்கும் மூரினுக்குக் கவுனைப் பற்றி யோசிக்கக்கூட நேரமில்லை. பசுக்கள் கன்று போடும் காலம். ராத்திரி பகல் பார்க்காமல் பண்ணை பண்ணையாக ஓடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் ஓய்ந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"டாரா, ஒரு உதவி. கவுன் வாங்கக் கூட வரணும். எனக்கு எங்க ஊர்லேர்ந்து வர யாரும் இல்ல. உனக்கு முகஸ்துதி தெரியாதுன்னு டெர்வ்லா அடிக்கடி திட்டுவா. அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்."

"தனியா போய்ப் பாக்கலையா?"

"போனேன். கடைக்காரம்மா, 'முதல் நற்கருணைக்கா பாப்பா, அம்மா கூட வரலையா?'ன்னு கேக்கறா. எட்டு வயசுப் பிள்ளைங்க சர்ச்சுல வெள்ளை கவுன் போடுவாங்களே, அதுக்காம்! அப்புறம் நான் திரும்பினதும் என் மூஞ்சியப் பாத்துட்டு அவளுக்கு ஒரே வேர்வை."

வியாழக்கிழமை மத்தியானம் சேற்றுப் பூட்ஸோடு வந்து சேர்ந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கென்மேரில் ஒரு கடை இருக்கிறது, அங்கே போவோம் என்றேன். எந்த அளவுக்குத் தூரமாகப் போகிறோமோ அந்த அளவுக்கு நல்லது என்பது என் கணக்கு. ஆனால் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போகும் வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"இந்தச் சந்துல ஒரு பழைய துணிக்கடை இருக்குல்ல?"

"அங்க ஒண்ணும் இல்ல."

"நீ எப்பப் போன?"

"போனதே இல்ல."

"போகாம எப்படித் தெரியும்? வா."

ஹெல்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு மூரினைப் பார்த்தார். மூரின், "கல்யாணத்துக்கு ஏதாவது வித்தியாசமா இருக்கா?" என்று கேட்டாள். ஹெல்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு மாதத்துக்கு முன் ஒருத்தியோடு வந்து கவுன் எடுத்தவன், இப்போது இன்னொருத்தியோடு வந்து நிற்கிறான். அவர் என்ன நினைத்தார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. நான் மூரினின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையைப் பலமாக ஆட்டினேன். ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்பதுதான் அதற்குப் பொருள். அது என்னை இன்னும் பெரிய அயோக்கியனாகக் காட்டியிருக்க வேண்டும்.

அதற்குள் மூரின் உள்அறையை எட்டிப் பார்த்துவிட்டாள். தைக்கும் மேஜைக்குப் பக்கத்தில், தோளில் குண்டூசிகளோடு, மஞ்சள் கவுன்.

"அது வித்தாச்சு" என்றார் ஹெல்கா.

"தெரியுது. ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன். கையைக் கழுவிட்டு வரேன். ஒரே ஒரு தடவை."

அவள் கெஞ்சினால் யாராலும் மறுக்க முடியாது. கவுனுக்குள் அவள் காணாமலே போனாள். கை நுனிகள் துவண்டு தொங்கின; பாவாடை தரையெல்லாம் குளம்போலப் பரவியது. ஒரு முக்காலி மேல் ஏறி நின்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"என்ன மூரின்?"

"பனிக்காலம் பூரா ரத்தமும் சாணியுமா தொழுவத்துல நிக்கறேன் டாரா. ஒருநாள் காலைல வெளிய வந்து பாத்தா, மலையெல்லாம் மஞ்சளாயிருக்கும். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் இந்த ஊர விட்டுப் போகாம இருக்கேன். அதை யாரோ தச்சு வச்சிருக்காங்க பாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஹெல்காவிடம் திரும்பினாள். "வாங்கினவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். விட்டுக் குடுப்பாங்களான்னு. வேணும்னா நான் பேசறேன்."

"வேண்டாம்!" என்றேன் நான். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அதாவது... பாவம், அவங்க ஆசைப்பட்டு வாங்கியிருப்பாங்க."

ஹெல்கா என்னை முறைத்துக்கொண்டே எண்களை அழுத்தினார். இந்த ஆளை இப்போதே மாட்டிவிடுகிறேன் பார் என்பது போலிருந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீரில் அடிக்கும் சத்தமும், ஒரு விசில் சத்தமும் கேட்டன. நான் பலமாக இருமினேன். அந்தச் சத்தம் நின்ற பிறகும் இருமினேன். மூரின் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஒரு பெண் இந்தக் கவுனுக்காக அழுகிறாள், விட்டுக்கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஹெல்கா போனை வைத்தார். "முடியாதாம். 'அழுதா அழட்டும், என் கவுன் எனக்கு'ன்னு சொல்றாங்க."

மூரின் முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள். "கல்நெஞ்சுக்காரி" என்றாள்.

வெளியே கிளம்பும்போது ஹெல்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்களுக்கு வெக்கமா இல்ல? ரெண்டு பொண்ணுங்க!"

"ரெண்டு பேரும் என்னைக் கட்டிக்கப் போறவங்க இல்லைங்க. அவங்க ஒருத்தரை ஒருத்தர்..." என்று தொடங்கினேன். தெருவிலிருந்து மூரின் கூப்பிட்டாள். ஓடினேன்.

சொல்லிவிட்டால் இரண்டு பேரின் ரகசியமும் போய்விடும். சொல்லாவிட்டால் மூரின் ஏதோ ஒரு வெள்ளைக் கவுனில் முகம் வாடி நிற்பாள். என்ன செய்வதென்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்டுத் தொடையை வறுத்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்திருந்தார். உட்கார்ந்ததுமே அம்மா ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கும் கவுன் எடுத்தாச்சா? வெள்ளைதானே?"

"எனக்கு எடுத்தாச்சு. நிறம் சொல்ல மாட்டேன்" என்றாள் டெர்வ்லா.

மூரின் முள்கரண்டியால் ஒரு பட்டாணியைத் தட்டின் ஓரமாக உருட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கிடைச்சுது. கைக்கு வந்து போயிடுச்சு. இந்த ஊர்ல சில பேருக்கு நெஞ்சுல கருங்கல்லு வச்சுத் தச்சிருக்கு."

டெர்வ்லாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு அவ? உன்னை யாரு என்ன சொன்னா? பேரைச் சொல்லு, நான் போய் நாலு கேள்வி கேக்கறேன்."

"பேரு தெரியாது. போன்லதான் பேசினா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயேன். 'அழுதா அழட்டும்'னாளாம்."

டெர்வ்லாவின் கரண்டி வாய்க்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. நான் குழம்புக் கிண்ணத்தை உற்றுப் பார்த்தேன்.

"போன்லயா?" என்றாள் டெர்வ்லா. குரல் இறங்கிவிட்டது. "வியாழக்கிழமையா?"

"ஆமா. மத்தியானம். உனக்கெப்படி..."

"மஞ்சளா?"

மூரின் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்திருந்தது.

"யாருக்கு மஞ்சள் காமாலை?" என்று கேட்டார் அம்மா.

"நீதானா?" என்றாள் மூரின். "அந்தக் கல்நெஞ்சுக்காரி நீதானா?"

"அந்த அழுமூஞ்சி நீதானா?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மூரின் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். டெர்வ்லா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"உனக்குத் தெரியும்!"

"அன்னிக்கு இருமினியே, பாவம் சளி பிடிச்சிருக்குன்னு உனக்குத் தேன் வாங்கிக் குடுத்தேன்டா, படுபாவி!" என்று மூரின் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து என்மேல் எறிந்தாள்.

"இயேசு மரி சூசையே, சாப்பாட்டை எறியாதீங்க" என்றார் அம்மா.

சிரிப்பு அடங்கியதும் டெர்வ்லா மூரினின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன்னை அழ விட்டுட்டேன்."

"நீ அழ விட்டது யாரோ ஒருத்திய."

"யாரோ ஒருத்தின்னாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது என் கைய விட்டுப் போயிடுமோன்னு பயந்துட்டேன். கவுன் உனக்குத்தான்."

"எனக்கு வேண்டாம். உன்னை அதுல நினைச்சுப் பாத்தா எனக்கே மூச்சு நிக்குது. நீதான் போடணும்."

"நீ போடு."

"நீ போடு."

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது சண்டையில் முடியும் போலிருந்தது. டெர்வ்லாவின் குரல் நீச்சல் குளத்துக் குரலானது. மூரின் காளையை அதட்டும் குரலுக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் கத்தறீங்க? காலைல ஒருத்தி போடுங்க, சாயங்காலம் ஒருத்தி போடுங்க. கல்யாணம் ஒரு நாள் பூரா நடக்குதில்ல? இப்ப யாராவது அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் உருளைக்கிழங்கைத் தள்ளினேன்.

மறுநாள் மூன்று பேருமாக ஹெல்காவிடம் போனோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தையல் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என்னைத் திட்டியதற்காக ஒரு டையை இலவசமாகக் கொடுத்தார். அதன் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கவுனின் தோளை டெர்வ்லாவுக்காகப் பிரித்து விட்டார். பாவாடையின் உள்பக்கத்தில் வரிசை வரிசையாக டிச் பட்டன் வைத்தார். அவற்றைப் போட்டால் துணி அடுக்கடுக்காக மேலேறி மூரினின் உயரத்துக்கு வந்துவிடும்; கைகளை மடித்து, இடுப்பை நாடாவால் இறுக்கிக்கொள்ளலாம்.

மே மாதம் மலையெல்லாம் பூத்திருந்தபோது, கடலோர ஓட்டலில் கல்யாணம் நடந்தது. காலையில் மூரின் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் வந்தாள். அளவு கிடைக்காமல் பையன்கள் பகுதியில் வாங்கியது. மார்பில் ஒரு கொத்து ஃபர்ஸ் பூ. எதிர்ப்பக்கத்திலிருந்து மஞ்சள் கவுனில் டெர்வ்லா நடந்து வந்தாள். கைகள் இரண்டும் பாக்கெட்டில். கடற்காற்று பாவாடையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அந்தக் கவுனைப் பற்றி மூரினுக்கு எல்லாமே தெரியும், போட்டே பார்த்திருக்கிறாள். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுமூஞ்சி" என்றாள் டெர்வ்லா, அவளும் அழுதுகொண்டே. கட்டிப் பிடித்ததில் ஃபர்ஸ் முள் குத்தி இருவரும் "ஆ" என்றார்கள். பதிவாளர் சிரிப்பை அடக்க முடியாமல் தன் வாசகத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

விருந்து முடிந்ததும் இருவரும் மாற்றிக்கொள்ள மாடிக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் டெர்வ்லா மாடிப்படியில் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். ஓட்டலின் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டேய், என் டிரஸ் இருந்த பையை வீட்டிலேயே விட்டுட்டேன். குளத்துக்குக் கொண்டு போற பையைத் தூக்கிட்டு வந்திருக்கேன். உள்ள நீச்சல் டிரஸ்ஸும் விசிலும்தான் இருக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒரே உயரம், ஒரே தோள். எனக்குப் புரிந்துவிட்டது.

"முடியாது டெர்வ்லா. புது சூட்டு இது."

"கழட்டு."

என் காரின் பின்சீட்டில் பஸ் யூனிஃபார்ம் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன். அப்போதுதான் அவர்கள் படியிறங்கி வந்தார்கள். என் நீலச் சூட்டில் டெர்வ்லா. என்மேல் இருந்ததைவிட அவள்மேல் அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்கான மஞ்சளில் மூரின். காலையில் ஒரு பாய்மரம் போலிருந்த கவுன் இப்போது பூத்த புதர் போலிருந்தது. கூடம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. ஹெல்கா நாற்காலிமேலேயே ஏறிவிட்டார்.

வாத்தியக்காரர்கள் வேகமான ஒரு பாட்டை எடுத்தார்கள். டெர்வ்லா மூரினை இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே டிச் பட்டன்கள் டப் டப்பென்று விட்டுக்கொண்டன. பாவாடை முழு நீளத்துக்கும் விழுந்து தரையெல்லாம் பரவியது. வாத்தியம் தயங்கியது.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள் மூரின். இரண்டு கையாலும் துணியை வாரி அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலுறை தெரிய ஆடினாள். அந்த நிலையில் அவளைவிட சந்தோஷமான மணப்பெண்ணை நான் பார்த்ததில்லை. ஹெல்கா குண்டூசிப் பெட்டியோடு அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். அவர்கள் நின்றால்தானே குத்துவார்? கடைசியில் பெட்டியை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து ஆட்டத்துக்குள் இழுத்தார்.

ஒன்பது மணியாகியும் வெளியே வெளிச்சம் இருந்தது. ஷெரி ஒயின் குடித்துக் கன்னம் சிவந்திருந்த ஒரு பெரியவர், என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு ஆட்டத்தின் நடுவே என் தோளைத் தட்டினார்.

"தம்பி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"இவங்க ரெண்டு பேரும் ஆடி முடிச்சப்புறம்தாங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் இன்னொரு கிளாஸ் வாங்கப் போனார்.